வரவறிந்த வாழ்வு, அளவறிந்த அறம்

(செலாயாங்கில் நடைபெற்ற அறவாரிய ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அன்றாட வாழ்வில் நற்பண்புகள்" என்ற தலைப்பில் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். இது கடல் போன்ற தலைப்பு. உண்மை, பொறுமை, பெரியோரை மதித்தல், பிள்ளை வளர்ப்பு என எல்லாம் இதற்குள் அடங்கும். எல்லாவற்றையும் தொட்டுச் சென்றால் வீடு போய்ச் சேரும்போது ஒன்றும் மனத்தில் நிற்காது. ஆகவே ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். நம் வீட்டுக்கு வருகிற பணத்தை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதே அது.

ஆன்மிகக் கூட்டத்தில் பணப் பேச்சா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு குடும்பத்தில் உண்மை இருக்கிறதா என்பது கணவன் தன் கடனை மனைவியிடம் சொல்கிறானா என்பதில் தெரிந்துவிடும். பெரியவர்களுக்கு மரியாதை இருக்கிறதா என்பது தாயின் மருந்துச் செலவை யார் ஏற்பது என்ற பேச்சு வரும்போது தெரிந்துவிடும். பொறுமை இருக்கிறதா என்பது மாதக் கடைசியில் தெரிந்துவிடும். பூசை அறையில் எல்லோரும் நல்லவர்கள்தாம். சம்பள நாளில் எப்படி இருக்கிறோம் என்பதே நம் பண்புக்குச் சோதனை.

வள்ளுவர் வைத்த இடம்

கொடுப்பதைப் பற்றி வள்ளுவப் பெருமான் ஈகை என்று தனி அதிகாரமே வைத்தார். இல்லாதவருக்குக் கொடுப்பதன் பெருமையை அங்கே பேசினார். ஆனால் அளவறிந்து கொடுக்க வேண்டும் என்ற அறிவுரையை அவர் அந்த அதிகாரத்தில் வைக்கவில்லை. பொருட்பாலில், வலியறிதல் என்ற 48-ஆவது அதிகாரத்தில் வைத்தார். அது அரசனுக்குச் சொன்ன அதிகாரம். தன் வலிமை எவ்வளவு, பகைவன் வலிமை எவ்வளவு என்று எடை போடச் சொல்கிற இடத்தில், தன் பொருளின் அளவை அறிந்து கொடுக்கும்படியும் சொல்கிறார். வரவு குறுகியதாக இருந்தாலும் கேடில்லை, செலவு அதைவிட அகன்றுவிடாமல் இருந்தால் போதும் என்ற கருத்தும் அங்கேதான் வருகிறது. நாட்டை ஆளும் மன்னனுக்கே இந்த எச்சரிக்கை என்றால் நமக்குச் சொல்ல வேண்டுமா?

அதே அதிகாரத்தில் இன்னொரு கருத்து. ஏற்றுவது மெல்லிய மயிலிறகாகவே இருக்கட்டும். அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்கிறார். மயிற்காவடி எடுக்கும் மரபில் வந்த நமக்கு இதைவிடப் பொருத்தமான உவமை வேண்டுமா? சுமப்பது புனிதமான பொருள்தான், தெய்வத்துக்குரியதுதான். ஆனாலும் வண்டிக்கு ஓர் அளவு உண்டு.

பத்து வெள்ளியின் கதை

இந்த மண்ணில் நம்மவர் பணத்தை மதித்து நடந்த ஒரு காலத்தை இளைஞர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். 1950-களில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் சொல்வது அதைத்தான். தோட்டம் கைமாறினால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். பிறந்த இடம், கோயில், தமிழ்ப்பள்ளி எல்லாம் ஒரே நாளில் அந்நியமாகிவிடும். பேராசிரியர் உங்கு அஜீஸ் 1951 முதல் 1960 வரையிலான இந்தத் துண்டாடலை ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார் என்றால் அந்தப் பாதிப்பின் அளவைப் புரிந்துகொள்ளுங்கள்.

அப்போது துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தோட்டம் தோட்டமாகச் சென்றார். பத்துப் பத்து வெள்ளியாகச் சேருங்கள், நாமே தோட்டத்தை வாங்கலாம் என்றார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை அது வாங்கியது. அன்று பத்து வெள்ளி என்பது ஒரு பால்மரத் தொழிலாளிக்குச் சில நாள் கூலி. விடியுமுன் எழுந்து, மரம் வெட்டி, பால் எடுத்து, வாளி சுமந்து கொண்டுவந்த கூலி. கடைக்காரருக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும், பிள்ளைக்குச் சட்டை எடுக்க வேண்டும் என்ற நெருக்கடிக்கு இடையில் அந்தப் பத்து வெள்ளியைத் தனியே எடுத்து வைத்தார்கள். அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது. கோலாலம்பூரில் அதன் கட்டடம் விஸ்மா துன் சம்பந்தன் என்று அவர் பெயராலேயே நிற்கிறது.

இதில் நாம் கற்க வேண்டியது என்ன? ஏழையால் சேமிக்க முடியாது என்று சொல்வது முழு உண்மை அல்ல. ஏழையால் தனியாகச் சேமிப்பது கடினம் என்பதே உண்மை. எதற்காகச் சேமிக்கிறோம் என்பது தெளிவாக இருந்து, வீட்டில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்து, பக்கத்து வீட்டுக்காரரும் அதையே செய்தால், பத்து வெள்ளி பெரிய தோட்டமாக மாறும்.

செலாயாங்கில் ஒரு குடும்பம்

இப்போது நம் ஊருக்கு வருவோம். செலாயாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊர் உறங்கும் நேரத்தில் விழித்துக்கொள்ளும் நம் பாசார் போரோங்கில் கணவர் லாரி ஓட்டுகிறார். மனைவி தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இரண்டு பிள்ளைகள், உடன் ஒரு மாமியார். வாடகை, கார் தவணை, பள்ளிப் பேருந்து, மின்சாரம், சாப்பாடு எல்லாம் போக மாதம் 250 வெள்ளி மிஞ்சுகிறது.

ஒரு பிள்ளைக்கு உடல்நலம் குன்றித் தேறியது. பத்துமலை முருகனுக்கு நேர்த்திக்கடன் செலுத்த வேண்டும். உறவினர் எல்லோரையும் அழைத்து, காவடி அலங்காரம், மேளம், விருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து 3,000 வெள்ளி ஆகும் என்று கணக்குப் போடுகிறார்கள். தைப்பூசம் நெருங்கிவிட்டது. கையில் பணமில்லை. தெரிந்தவர் ஒருவர் மாதம் பத்து விழுக்காடு வட்டிக்குக் கடன் தருகிறேன் என்கிறார்.

கணக்கைக் கவனியுங்கள். மூவாயிரத்துக்குப் பத்து விழுக்காடு என்றால் மாத வட்டி மட்டும் 300 வெள்ளி. அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சுவதோ 250. மிஞ்சுவது முழுவதையும் கொடுத்தாலும் வட்டியே அடையாது. முதல் அப்படியே நிற்கும். மாதம் ஐம்பது வெள்ளி வீதம் பள்ளம் வளர்ந்துகொண்டே போகும். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் பிணையில்லாத கடனுக்கு ஆண்டுக்குப் 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று 1951-ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டத்தின் கீழ் வரம்பு இருக்கிறது. ஆலோங் கேட்பது மாதம் பத்து. ஆண்டுக் கணக்கில் 120 விழுக்காடு.

இதே குடும்பம் இந்த ஆண்டு பூசம் முடிந்த மறுநாளே கூடிப் பேசி, அடுத்த பூசத்தில் செலுத்துவோம் என்று முடிவு செய்திருந்தால் என்ன ஆகும்? மாதம் 250 வீதம் பன்னிரண்டு மாதத்தில் சரியாக 3,000 வெள்ளி சேர்ந்துவிடும். இன்னும் சொல்லப்போனால், செலவை ஆயிரத்து ஐந்நூறாகச் சுருக்கிக்கொண்டு, மீதி ஆயிரத்து ஐந்நூறை ஆபத்துக்கென்று வைத்திருக்கலாம். அதே சம்பளம், அதே முருகன், அதே நேர்த்திக்கடன். ஒரு பக்கம் நிம்மதி. மறுபக்கம் இரவில் கதவைத் தட்டும் ஓசைக்கு நடுங்கும் பிள்ளைகள். எந்தப் பிள்ளை நலமாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டோமோ, அந்தப் பிள்ளையே அச்சத்தில் வளர வேண்டுமா?

பால்குடம் எடுப்பதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. முடி காணிக்கைக்கு மேளம் தேவையில்லை. 272 படிகளை ஏறும் கால்களுக்கும், நோன்பிருக்கும் வயிற்றுக்கும், கட்டுப்பட்ட நாவுக்கும் விலை கிடையாது. செலவு பெரும்பாலும் ஊருக்காக ஆகிறது, இறைவனுக்காக அல்ல. "போன வருஷம் அவர்கள் வீட்டில் அவ்வளவு சிறப்பாகச் செய்தார்கள்" என்ற ஒரு சொல்லே பல வீடுகளில் கடனுக்குப் பிள்ளையார் சுழி போடுகிறது. திருமணத்திலும் பிறந்தநாள் விருந்திலும் இதே கதைதான்.

அண்டை வீட்டார் காட்டிய வழி

நம் மலாய் அன்பர்களும் இதே சிக்கலைச் சந்தித்தார்கள். ஹஜ் யாத்திரை போவதற்காக நிலத்தையும் கால்நடைகளையும் விற்றுவிட்டு, திரும்பி வந்தபின் வாழ வழியின்றித் தவித்தவர்கள் அக்காலத்தில் உண்டு. சற்றுமுன் சொன்ன அதே உங்கு அஜீஸ் 1959-இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். யாத்திரைக்கென்று சிறுகச் சிறுகச் சேமிக்க ஓர் அமைப்பு வேண்டும் என்றார். 1963-இல் அது செயலுக்கு வந்தது. அதுவே வளர்ந்து இன்று தாபோங் ஹாஜி என்று பெரும் நிறுவனமாக நிற்கிறது.

பக்தியைக் குறைத்துக்கொள் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. பக்திக்கு முன்னதாகவே திட்டமிடு என்றுதான் சொன்னார். நாமும் நம் வீட்டளவில் இதைச் செய்யலாம். பூசை அறையில் ஓர் உண்டியல் வையுங்கள். நேர்த்திக்கடன் உண்டியல் என்று பிள்ளை கையால் எழுதி ஒட்டுங்கள். பிள்ளைகளும் தங்கள் கைச்செலவுக் காசில் பத்துக் காசு போடட்டும். பூசம் வரும்போது அந்தக் காவடியில் வீட்டில் எல்லோருடைய பங்கும் இருக்கும்.

நாளைக்கென்று வைத்தது

நம் நாட்டின் ஊழியர் சேமநிதி 1951-இல் தொடங்கப்பட்டது. உலகின் பழமையான சேமநிதிகளுள் அதுவும் ஒன்று. மாதச் சம்பளத்தில் நம் பங்காக 11 விழுக்காடு பிடிக்கிறார்கள். கோவிட் நோய்க் காலத்தில், 2020 முதல் 2022 வரை, நான்கு முறை அதிலிருந்து சிறப்பாகப் பணம் எடுக்க அரசு அனுமதித்தது. மொத்தம் 14,500 கோடி வெள்ளி வெளியே வந்தது. அன்று பசிக்கு எடுத்தவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எடுத்ததைத் திரும்ப நிரப்ப வேண்டும் என்ற எண்ணம் எத்தனை பேருக்கு வந்தது? 2024 மே மாதம் முதல், புதிதாகச் சேரும் தொகையில் பத்து விழுக்காட்டை எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்கும் வந்துவிட்டது. எடுக்கலாம் என்பது வேறு, எடுக்க வேண்டும் என்பது வேறு. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

சொந்தத் தொழில் செய்வோருக்கும், சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர்களுக்கும் சேமநிதி பிடிப்பு இல்லை. அவர்களும் தாமாகவே சேமநிதியில் சேர ஐ-சாரான் என்ற திட்டம் இருக்கிறது. அதில் கட்டுவோருக்கு அரசும் ஒரு பங்கு சேர்த்துத் தருகிறது. வீட்டுக்கு அருகிலேயே இருக்கிற வசதியை விசாரிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

ஏற்கெனவே வங்கிக் கடனில் சிக்கியவர்கள் மனம் உடைந்துபோக வேண்டாம். பேங்க் நெகாரா 2006-இல் ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை அமைப்பை ஏற்படுத்தியது. அங்கே ஆலோசனைக்குக் கட்டணமில்லை. வங்கிகளோடு பேசித் தவணையைச் சீர்செய்து தருகிறார்கள். உடம்புக்கு வந்தால் மருத்துவமனைக்குப் போகிறோம். கடன் வந்தால் மட்டும் ஏன் மறைந்துகொள்ள வேண்டும்? முதலில் மனைவியிடம் சொல்லுங்கள், கணவரிடம் சொல்லுங்கள். மறைத்த கடன்தான் குடும்பத்தைப் பிரிக்கிறது. சொன்ன கடனை இருவரும் சேர்ந்து சுமக்கலாம்.

காசில்லாத கொடை

அப்படியானால் வசதி வரும்வரை அறம் செய்யாமல் இருப்பதா என்று கேட்பீர்கள். திருமூலர் அந்தச் சாக்குக்கு இடமே வைக்கவில்லை. இறைவனுக்கு ஒரு பச்சிலை இடுவதும், பசுவுக்கு ஒரு வாய்ப் புல் கொடுப்பதும், உண்ணும்போது ஒரு கைப்பிடி அடுத்தவருக்குத் தருவதும், பிறரிடம் இனிமையாகப் பேசுவதும் எல்லோராலும் முடியும் என்று வகுத்துவிட்டார். காஞ்சி மகா பெரியவர் வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைக்கச் சொன்னதும் இந்த வழியில்தான். உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனியே போட்டுவைக்கும் தாய், மாத முடிவில் யாரோ ஒருவரின் பசியாற்றுகிறாள். கடன் இல்லை, கணக்குப் புத்தகம் இல்லை, மாலை மரியாதை இல்லை. ஆனால் அறம் இருக்கிறது.

நம் அடுக்குமாடியில் தனியாக இருக்கும் முதியவர் பசியாறினாரா என்று கேட்பதும் கொடைதான். அவரைச் செலாயாங் மருத்துவமனைக்கு அழைத்துப்போய், எண் அழைக்கும்வரை உடன் உட்கார்ந்திருப்பதும் கொடைதான். பணம் கொடுக்க வசதியுள்ள பலரால் அந்த மூன்று மணி நேரத்தைக் கொடுக்க முடிவதில்லை.

வசதியுள்ள அன்பர்களுக்கு

இங்கே கூடியிருக்கும் தொழிலதிபர்களுக்கும் உரிமையோடு ஒரு வார்த்தை. பத்துமலையில் முருகன் வழிபாட்டைத் தொடங்கிவைத்த தம்புசாமிப் பிள்ளை அவர்களை நாம் கோயிலோடு மட்டும் சேர்த்து நினைக்கிறோம். 1893-இல் கோலாலம்பூரில் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளி தொடங்கப்பட்டபோது முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர். கோயிலுக்குத் திறந்த அதே கை பள்ளிக்கும் திறந்தது. அந்தக் கொடைக்கு ஒரு நூற்றாண்டு கடந்தும் பலன் உண்டு.

கொடைக்கு முன்னால் கடமை என்று ஒன்று உண்டு. தன்னிடம் வேலை செய்பவருக்குச் சம்பளத்தை இழுத்தடித்துவிட்டு அன்னதானத்துக்கு அரிசி மூட்டை இறக்குவது கணக்கில் நேராகாது. அது தொழிலாளியின் அரிசி. சேமநிதிக்கு முதலாளி கட்ட வேண்டிய பங்கைக் கட்டாமல் கோபுரத்துக்கு வண்ணம் தீட்டுவதும் அப்படித்தான். முதலில் கொடுக்க வேண்டியதைக் கொடுப்போம். பிறகு கொடுக்க விரும்புவதைக் கொடுப்போம்.

இல்லறத்தானின் கடமைகளை வள்ளுவர் ஐந்தாகப் பிரித்தார். முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் என்று அடுக்கி, ஐந்தாவதாகத் தன்னையும் சேர்த்தார். தெய்வத்துக்கு முழுவதையும் கொடுத்துவிட்டு மற்ற நால்வரையும் மறப்பதை அவர் ஏற்கவில்லை. தெய்வமும் ஏற்காது.

அறங்காவலர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இறுதியாக, என்னை அழைத்த அறங்காவலர்களிடமே ஒரு வேண்டுகோள். நன்கொடைப் புத்தகத்தை நீட்டும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பாருங்கள். "அவர் ஐந்நூறு போட்டார், நீங்களும் போடுங்கள்" என்று சொல்லாதீர்கள். மறுக்க வெட்கப்பட்டுத் தரும் பணத்தில் ஒரு பிள்ளையின் பாடப்புத்தகம் இருக்கலாம். ஆண்டு மலரில் பெயர்களைத் தொகைவாரியாக அச்சிடும்போது பத்து வெள்ளி கொடுத்தவரின் பெயர் கடைசியில் போய் நிற்கிறது. அகர வரிசையில் அச்சிட்டுப் பாருங்களேன். ஒரு வெள்ளியின் கணக்கையும் விடாமல், வந்தது இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று எல்லோரும் பார்க்கும் பலகையில் ஒட்டுங்கள். வீட்டுக்குச் சொன்ன அறிவுரை நிறுவனத்துக்கும் பொருந்தும். கடன் வாங்கி மண்டபம் கட்டுவதைவிட, கையிருப்பில் நான்கு பிள்ளைகளைப் படிக்க வைப்பது மேல்.

அன்பர்களே, நான் சொன்னதையெல்லாம் மூன்று செயலாகச் சுருக்கித் தருகிறேன். இந்த மாதச் சம்பளம் வந்த அன்று, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, கணவன் மனைவி பிள்ளைகள் சேர்ந்து அமர்ந்து வரவையும் செலவையும் கடனையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். இது முதலாவது. அடுத்த ஆண்டுக்கான நேர்த்திக்கடனையும் தீபாவளியையும் பள்ளித் திறப்புச் செலவையும் இன்றே மாதக் கணக்காக வகுத்து, அந்தத் தொகையை முதலில் எடுத்து வையுங்கள். இது இரண்டாவது. எவ்வளவு நெருக்கடி என்றாலும் ஒரு பிடி அரிசியோ ஒரு மணி நேரமோ அடுத்தவருக்கென்று ஒதுக்குங்கள். இது மூன்றாவது.

அன்று லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் பத்து வெள்ளியை எண்ணி வைத்த தாத்தாக்களுக்கும் பாட்டிகளுக்கும் நம்மைவிடக் குறைவான படிப்பும் குறைவான வருமானமும்தான் இருந்தன. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

எல்லாம் வல்ல முருகப்பெருமான் திருவருளால் உங்கள் இல்லங்களில் கடனில்லா உறக்கமும், ஒளிவில்லாப் பேச்சும், குறைவில்லா அறமும் நிலைத்திருக்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.